ஸ்டார்ட் ஆகாத டிரக்டர்: பெட்டரியைத் திட்டுவதற்கு முன்



இந்த முறை பாடம் டிரக்டரைப் பற்றியது. "அது டிரைவர்மார் விஷயம், எங்களுக்கு எதற்கு?" என்று பெண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மலையில் பறித்த கொழுந்து நேரத்துக்கு பெக்டரி போய்ச் சேர்வதும், போகாமல் சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்து போவதும் அந்த டிரக்டரின் கையில்தான் இருக்கிறது. அதை ஓட்டுகிறவரும் பக்கத்தில் நின்று உதவுகிறவரும் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் மாலையில் முழு உடம்போடு லயத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

பெட்டரி நம் ஆட்களுக்குப் புதிய சாமான் இல்லை. லயங்களுக்குக் கரண்ட் வராத காலத்தில் கார் பெட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சார்ஜ் பண்ணி வந்து, டி.வி. பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே பயப்படாமல் படியுங்கள்.

நடந்த ஒரு சம்பவம்

நாங்கள் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் பழைய மாசி பெர்குசன் 135 ஒன்று இருந்தது. 1964 இல் வெளிவரத் தொடங்கிய இனம் அது. மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். இன்றும் பல தோட்டங்களில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எஞ்சின் கல்லு மாதிரி. வயர்தான் வயசாகிப் போகிறது.

அந்த டிரக்டர் ஒரு மாதமாக அடம் பிடித்தது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் பெட்டரியைத் திட்டினார்கள். புதுப் பெட்டரி வந்தது. இரண்டு நாள் ஸ்டார்ட் ஆனது. மூன்றாம் நாள் பழைய கதைதான்.

ஒரு நாள் பின்னேரம் கொழுந்து மடுவத்துக்கு முன்னால் சரிவில் டிரக்டர் நின்றது. பெட்டி நிறையக் கொழுந்து. சரிவு என்பதால் கியரில் போட்டு நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் தம்பி ஒரு பெரிய ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இறங்கினார். முன் டயருக்கும் பின் டயருக்கும் இடையில் நின்று, செல்ப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் சேர்த்தார். "இப்படித்தாங்க தினமும் எடுக்கிறேன்" என்று எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எஞ்சின் ஒரே அடியில் பிடித்தது. கியரில் இருந்ததால் அந்த நிமிஷமே வண்டி நகர்ந்தது. பின் டயர் அவர் செருப்பை இழுத்து நசுக்கிவிட்டது. கால் தப்பியது கடவுள் புண்ணியம். ஆளில்லாத டிரக்டர் கானைத் தாண்டித் தேயிலைச் செடிக்குள் ஏறி நின்றது. கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற பெண்கள் அந்தப் பக்கம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத எங்களுக்குக் கை வரவில்லை.

மறுநாள் கராஜ் பாஸ் வந்து பார்த்தார். அரை மணி நேரம்தான். ஒரு சிறிய வயர் அறுந்து தொங்கியது. அது எந்த வயர் என்பதைப் பாடத்தின் கடைசியில் சொல்கிறோம். அதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதல் பாடம்: உயிர்

வேலை தொடங்கு முன் இவற்றைச் செய்யுங்கள். இதில் ஒன்றையும் விட முடியாது.

1. டிரக்டரைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கியர் லீவர் இரண்டும் நியூட்ரலில் இருக்கட்டும்.

2. ஸ்டார்ட் பண்ணுகிறவர் சீட்டில் உட்கார்ந்துதான் பண்ண வேண்டும். தரையில் நின்று ஸ்குரூ டிரைவராலோ, வயரினாலோ செல்ப் மோட்டாரைச் சேர்க்கக் கூடாது. பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்குச் சாவி போட்டிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சுற்றிவிட்டால் பிடித்துக்கொள்ளும். "சாவி என் சட்டைப் பையில்தானே இருக்கு" என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

3. பெட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். பீடி, தீப்பெட்டி, குப்பி விளக்கு ஒன்றும் கிட்ட வரக் கூடாது.

4. பெட்டரியைக் கழற்றும்போது எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். அப்படிச் செய்தால் ஸ்பேனர் தவறிப் பொடியில் பட்டாலும் பொறி பறக்காது. பெரும்பாலும் மைனஸ்தான் எர்த். சில பழைய டிரக்டர்களில் பிளஸ் பக்கம் எர்த்தாக இருக்கும். ஆகவே எந்த வயர் பொடியில் மாட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவெடுங்கள்.

5. கையில் மோதிரம், இரும்புச் சங்கிலி, கடிகாரம் இருந்தால் கழற்றி வையுங்கள்.

6. பெட்டரித் தண்ணீர் என்று நாம் சொல்வது அசிட். கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் 15 நிமிஷமாவது விடாமல் கழுவ வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. வண்டி இல்லையென்றால் 1990 இலக்கத்துக்குப் போன் பண்ணினால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கரண்ட் போகும் பாதை

பீலியிலிருந்து தண்ணீர் வருகிறதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் எங்கேயாவது அடைத்தால் இந்தப் பக்கம் சொட்டுத்தான் வரும். கரண்டும் அதே மாதிரி. ஒரு வித்தியாசம் உண்டு. கரண்ட் போனால் மட்டும் போதாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். பெட்டரியிலிருந்து வயர் வழியாக செல்ப் மோட்டாருக்குப் போகிறது. அங்கிருந்து எஞ்சின் இரும்பு, பொடி, எர்த் வயர் வழியாகப் பெட்டரிக்கு வந்து சேர்கிறது. எல்லோரும் போகிற வயரைப் பார்க்கிறார்கள். திரும்புகிற எர்த்தை ஒருவரும் பார்ப்பதில்லை. பழைய வண்டியில் கோளாறு பாதிக்கு மேல் அங்கேதான் ஒளிந்திருக்கும் என்று பாஸ்மார் சொல்வார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. செல்ப் மோட்டார் சுற்றும்போது 200 அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். துருப்பிடித்த ஒரு மூட்டில் ஒரு ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 200 ஐ 0.01 ஆல் பெருக்க 2 வோல்ட் அங்கேயே தின்னப்படுகிறது. 12 வோல்ட்டில் 2 போனால் மோட்டார் முக்கத்தான் செய்யும். லைட் பல்புக்கு 3, 4 அம்பியர் போதும் என்பதால் அதே மூட்டு வழியாக லைட் நன்றாக எரியும். "லைட் எரியுதே, அப்போ வயர் எல்லாம் சரி" என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

தேவையான சாமான்கள்

ஸ்பேனர் செட், கம்பி பிரஷ், அரத்தாள், கொஞ்சம் அப்பச்சோடா, கிரீஸ். இதோடு ஒரு டெஸ்ட் லேம்ப். 12 வோல்ட் பல்ப் ஒன்றை ஹோல்டரில் போட்டு, இரண்டு வயர் இழுத்து, ஒன்றில் கிளிப் மாட்டினால் அதுவே டெஸ்ட் லேம்ப். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் மிக நல்லது. அதை டி.சி. 20 வோல்ட் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லை: லைட்டைக் கேளுங்கள்

மீட்டர் இல்லாதவர்களும் செய்யக்கூடிய சோதனை இது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒருவர் சீட்டில் இருந்து சாவியைத் திருப்பட்டும். இன்னொருவர் தள்ளி நின்று லைட்டைப் பார்க்கட்டும்.

(அ) லைட் எரியவே இல்லை: பெட்டரி முற்றாக இறங்கியிருக்கும், அல்லது பெட்டரி டெர்மினல் கழன்றிருக்கும், அல்லது எர்த் விட்டுப்போயிருக்கும். டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அதுதான் கோளாறு.

(ஆ) சாவியைத் திருப்பியதும் லைட் மங்கி அணைந்துவிடுகிறது. "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது: பெட்டரி பலவீனம், அல்லது டெர்மினலில் வெள்ளை பச்சையாகப் பூத்திருக்கிறது. இரண்டும் சரியென்றால் செல்ப் மோட்டார் இறுகியிருக்கலாம்.

(இ) லைட் கொஞ்சம் மங்குகிறது, எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது: பெட்டரி பாதி, அல்லது தடித்த வயரின் மூட்டோ எர்த்தோ துரு.

(ஈ) லைட் கொஞ்சமும் மங்கவில்லை, சத்தமும் இல்லை: பெட்டரியில் குற்றமில்லை. கரண்ட் செல்ப் மோட்டாருக்குப் போகவே இல்லை. சாவி ஸ்விச், நியூட்ரல் ஸ்விச், அவற்றிலிருந்து சொலினோயிட்டுக்குப் போகும் மெல்லிய வயர் ஆகியவற்றைப் பாருங்கள்.

டெர்மினல் சுத்தம்

எர்த்தைக் கழற்றுங்கள், பிறகு மற்றதை. வெந்நீரில் அப்பச்சோடா கரைத்து டெர்மினல் மீது ஊற்றினால் நுரைத்துக் கழன்று வரும். மூடித் துளை வழியாக அது பெட்டரிக்குள் போகக் கூடாது. கம்பி பிரஷால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். இறுக்கி மாட்டிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

அடுத்து எர்த் வயரின் மறு முனை. அது பொடியில் பிடித்திருக்கும் இடத்தில் பெயின்ட், துரு, சேறு எல்லாம் சேர்ந்திருக்கும். நட்டைக் கழற்றி, அரத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, திரும்ப இறுக்குங்கள்.

மீட்டர் சொல்லும் கதை

வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு பெட்டரியை அளக்க வேண்டும். ஓடி நிறுத்திய உடனே அளந்தால் மீட்டர் பொய் சொல்லும்.

12.6 வோல்ட் அல்லது மேல்: முழுச் சார்ஜ்
12.4 வோல்ட்: முக்கால்வாசி
12.2 வோல்ட்: பாதி
12.0 வோல்ட்: கால்வாசி, உடனே சார்ஜ் பண்ண வேண்டும்

எர்த் சோதனை: எஞ்சின் பிடிக்காமல் இருக்க ஸ்டொப் கம்பியை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் எர்த் பக்க ஈயக் குமிழ் மீதே வையுங்கள். வயர் கிளிப் மீது அல்ல. மறு முனையை எஞ்சினின் வெறும் இரும்பில் வையுங்கள். ஒருவர் சீட்டில் இருந்து ஸ்டார்ட் பண்ணட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் அடைப்பு. அதே மாதிரி பெட்டரியின் மற்றக் குமிழிலிருந்து செல்ப் மோட்டாரின் பெரிய முனை வரை அளந்து பாருங்கள். சுற்றும்போது பெட்டரியின் இரண்டு குமிழுக்கும் இடையில் சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முதலில் பெட்டரியைச் சார்ஜ் பண்ணித் திரும்பவும் பாருங்கள்.

மீட்டர் இல்லையென்றால் கைதான் மீட்டர். சில விநாடி சுற்றிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு மூட்டாக மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அதுதான் கரண்டைத் தின்கிறது. ஒரே தடவையில் 10 விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். இடையில் அரை நிமிஷமாவது ஆற விடுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் கருகும்.

நுவரெலியாக் குளிர்

மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலை புல் மீது உறைபனி விழும். குளிரில் பெட்டரியின் பலம் குறையும். எஞ்சின் ஒயிலும் தடித்து, சுற்றுவது பாரமாகும். பதுளைப் பள்ளத்தில் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கும் பலவீனமான பெட்டரி, மேலே ஒரு தை மாதத்தில் கைவிட்டுவிடும். ஆகவே மழைக்காலம் முடிந்ததும் பெட்டரியைச் சோதித்து முழுச் சார்ஜில் வையுங்கள். சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் வேண்டாம். பெட்டியில் பாரம் இருக்கும்போது எஞ்சின் பிடிக்காமல் போனால், அந்தப் பாரத்தைப் பிரேக் ஒன்றே தாங்க வேண்டிவரும்.

சார்ஜ் ஏறவில்லை

பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்கு பெட்டரி தேவையில்லை. அதனால் டைனமோ செத்துப்போனாலும் வண்டி நாள் முழுக்க ஓடும். மறுநாள் காலையில்தான் தெரியும். டேஷ் போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் லைட்தான் நமக்கு முன்கூட்டியே சொல்கிற ஆள்.

சாவி போட்டதும் அது எரிய வேண்டும். எஞ்சின் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லையென்றால் பல்போ வயரோ போயிருக்கிறது. ஓடும்போதும் அணையவில்லையென்றால் முதலில் எஞ்சினை நிறுத்தி பேன் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அமுக்கினால் அரையிலிருந்து முக்கால் அங்குலம்தான் இறங்கலாம். அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. அறுந்தால் எஞ்சினும் கொதிக்கும். பெல்ட் சரியென்றால் டைனமோவின் வயர் மூட்டுகளைப் பாருங்கள். அதற்குப் பிறகு கார்பன் பிரஷ். அது பாஸின் வேலை.

மீட்டரில் பார்த்தால், எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது பெட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5 லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15 ஐத் தாண்டினால் அதிகமாக ஏறுகிறது. பெட்டரித் தண்ணீர் வற்றிப் போகும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்ட வண்டியில், எஞ்சின் ஓடும்போது பெட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கவே கூடாது. உள்ளே இருக்கும் டயோட் எரிந்துபோகும்.

இன்னொரு கணக்கு. 45 வாட் ஹெட்லைட் ஒன்று, 45 ஐ 12 ஆல் வகுத்தால், ஏறக்குறைய 3.75 அம்பியர். இரண்டுக்கும் 7.5 அம்பியர். இரவு 8 மணி நேரம் மறந்து எரியவிட்டால் 60 அம்பியர் மணி போய்விடும். காலையில் பெட்டரியைத் திட்டி என்ன பயன்?

லைட்டும் பெட்டியும்

ஹட்டன் பக்கம் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பின்னால் வருகிற பஸ்காரருக்கு நம் பெட்டியின் சிவப்பு லைட் மட்டும்தான் அடையாளம்.

பெட்டி லைட் மேடு பள்ளத்தில் விட்டு விட்டு எரிந்தால் பல்பை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். அனேகமாகப் பெட்டியின் எர்த், கொக்கி ஆணி வழியாகத்தான் டிரக்டருக்கு வருகிறது. ஆணியோ துருவும் கிரீஸும். பெட்டியின் பொடியிலிருந்து டிரக்டர் பொடிக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்து, மற்ற லைட் வயர்களோடு சேர்த்து விடுங்கள். கோளாறு அதோடு போய்விடும்.

லைட் ஒன்று எரியாவிட்டால் டெஸ்ட் லேம்பின் கிளிப்பை நல்ல எர்த்தில் மாட்டி, மறு முனையைப் பியூஸிலிருந்து பல்ப் வரை ஒவ்வொரு மூட்டாகத் தொட்டு வாருங்கள். எரிந்துகொண்டு வந்த லேம்ப் எந்த இடத்தில் எரியாமல் போகிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் நடுவில்தான் அறுந்திருக்கிறது. பல்ப் வரை எரிந்தால் குற்றம் பல்பில் அல்லது அதன் எர்த்தில்.

பியூஸ் போனால் சிகரெட் தாளோ கம்பியோ சுற்றிப் போட வேண்டாம். பியூஸ் காவற்காரன். அவனை எழும்பவிடாமல் கட்டிப்போட்டால் வயர் பற்றி எரியும். அளவு மாறாமல் புதுப் பியூஸ் போட்டும் திரும்பப் போனால், எங்கேயோ வயரின் தோல் தேய்ந்து இரும்பில் படுகிறது. எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலும், வயர் பொடியை உரசும் வளைவுகளிலும் தேடுங்கள்.

வாரம் ஒருமுறை, பெரட்டுக்கு முன் பத்து நிமிஷம்

• பெட்டரி டெர்மினல் ஆடுகிறதா, பூத்திருக்கிறதா?
• பெட்டரி தட்டில் இறுக்கமாக இருக்கிறதா? குலுங்கினால் உள்ளே தகடு உடையும்.
• தண்ணீர் தகட்டுக்கு மேலே நிற்கிறதா? குறைந்தால் வடித்த தண்ணீர் மட்டும். பீலித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அசிட்டும் ஊற்ற வேண்டாம்.
• பேன் பெல்ட் இறுக்கம்.
• சிவப்பு சார்ஜ் லைட் எரிந்து அணைகிறதா?
• முன் லைட், பின் லைட், பெட்டி லைட்.

அந்த அறுந்த வயர்

இப்போது நம் சம்பவத்துக்கு வருவோம். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. லைட் மட்டும் ஜொலித்தது. அதாவது மேலே (ஈ). பெட்டரி மீது குற்றமே இல்லை. புதுப் பெட்டரிக்குப் போட்ட பணம் வீண்.

அறுந்து தொங்கியது நியூட்ரல் ஸ்விச்சின் வயர். மாசி பெர்குசன் 135 இல் ஹை-லோ கியர் லீவர் நியூட்ரலில் இருந்தால்தான் அந்த ஸ்விச் செல்ப் மோட்டாருக்குக் கரண்ட் விடும். வண்டி கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகி ஆள் மேல் ஏறக் கூடாது என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். வயர் குலுக்கத்தில் ஒரு நாள் பட்டும் ஒரு நாள் படாமலும் இருந்தது. புதுப் பெட்டரி போட்ட இரண்டு நாளும் அது தற்செயலாகப் பட்டுக்கொண்டிருந்தது. தம்பியின் ஸ்குரூ டிரைவர் செய்தது என்ன? அந்தக் காவலை ஓரத்தில் தள்ளிவிட்டு எஞ்சினை எழுப்பியது.

பாஸ் வயர் முனையைச் சுத்தம் பண்ணி, புது லக் ஒன்று போட்டு இறுக்கினார். பிறகு தம்பியைப் பார்த்து, "வண்டி ஸ்டார்ட் ஆகாம இருந்தா அது ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். முதல்ல அது என்னன்னு கேளு தம்பி" என்றார். தம்பி அந்தக் கிழிந்த செருப்பைக் கராஜ் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்தார். நாங்கள் அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை அது அங்கேயே தொங்கியது.

உங்களுக்குச் சில கேள்விகள்

1. பெட்டரியைக் கழற்றும்போது எந்த வயரை முதலில் எடுக்க வேண்டும்?
2. லைட் பிரகாசமாக எரிகிறது, எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது. பெட்டரி 12.6 வோல்ட். எங்கே பார்ப்பீர்கள்?
3. வண்டி நாள் முழுக்க ஓடியது. காலையில் பெட்டரி செத்திருக்கிறது. எதிலிருந்து தொடங்குவீர்கள்?

விடைகள்: 1. எர்த் வயர். 2. எர்த் வயரின் இரு முனைகளும், செல்ப் மோட்டாருக்குப் போகும் தடித்த வயரின் மூட்டுகளும். 3. சிவப்பு சார்ஜ் லைட், பேன் பெல்ட். இரவில் லைட் எரியவிட்டார்களா என்றும் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து கராஜ் கதவில் ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரியாத அண்ணன்மாருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த முறை யாராவது ஸ்குரூ டிரைவரோடு பின் டயர் பக்கம் போவதைக் கண்டால், அவர் யாராக இருந்தாலும் பரவாயில்லை, "அண்ணே, சீட்டுல ஏறுங்க" என்று சொல்லுங்கள்.